ராணுவ உதவித்தொகையில் பல் மருத்துவம்: அமெரிக்க மாணவர் எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

அமெரிக்காவில் பல் மருத்துவம் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சேரக்கூடிய படிப்பு அன்று. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மாணவர் நேரடியாக பி.டி.எஸ். வகுப்பில் நுழைகிறார், அங்கேயோ பெரும்பாலோர் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, மேலும் நான்கு ஆண்டுகள் படித்து, டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டத்தைப் பெறுகின்றனர், பெயர் வேறானாலும் இரண்டும் ஒரே தகுதிதான். இந்தப் பிந்தைய நான்காண்டுகளுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. கடன் வாங்கிப் படித்து வெளிவருவோரின் சராசரிக் கடன் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் டாலராக இருந்துவருகிறது. சில தனியார் கல்லூரிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 5 லட்சம் டாலரைத் தாண்டிவிடுகின்றன. இருபத்தைந்து வயதைக் கடந்ததும் இத்தகைய சுமையைத் தூக்க வேண்டியிருப்பதால்தான், ராணுவத்தின் ‘சுகாதாரத் தொழில்கள் உதவித்தொகைத் திட்டம்’ மாணவர்களின் கவனத்தை ஈர்க்கிறது.

இத்திட்டம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் வழியே பிறந்தது. கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் முடிவுக்கு வரவிருந்த நிலையில், அதுவரை கட்டாயத்தின் பேரில் கிடைத்துவந்த மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் இனி எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு அச்சட்டம் இரண்டு விடைகளைத் தந்தது. ஒன்று, ராணுவத்துக்கென்றே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம். மற்றொன்று, சாதாரணக் கல்லூரிகளில் படிக்கும் மாணவரின் செலவை ஏற்று, பதிலுக்கு அவரது பணியைப் பெறும் உதவித்தொகை. மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் அமைந்த அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவர்களை உருவாக்குகிறது. பல் மருத்துவத்திலோ ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான மேற்படிப்பை மட்டுமே நடத்துகிறது. தானே பல் மருத்துவரை உருவாக்கும் கல்லூரி ராணுவத்திடம் இல்லை என்பதால், வெளிக் கல்லூரி மாணவர்களை அது பெரிதும் நம்பியிருக்கிறது.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தனித்தனியே இந்த உதவித்தொகையை வழங்குகின்றன. மரைன் படைக்குச் சொந்தப் பல் மருத்துவப் பிரிவு கிடையாது. கடற்படையின் பல் மருத்துவர்களே அவர்களுக்கும் சிகிச்சை அளிக்கின்றனர். கல்விக் கட்டணம் முழுவதையும் ராணுவமே கல்லூரிக்குச் செலுத்துகிறது. புத்தகங்களுக்கும் தேவையான கருவிகளுக்கும் ஆகும் செலவு ஈடுகட்டப்படுகிறது. வாழ்க்கைச் செலவுக்கென மாதம் 2,500 டாலருக்கும் மேற்பட்ட படித்தொகை கிடைக்கிறது. நான்காண்டு உதவித்தொகையை ஏற்போருக்கு, கையெழுத்திடும்போதே 20,000 டாலர் ஊக்கத்தொகை வழங்கும் வழக்கமும் உண்டு. மாதப் படித்தொகைக்கு வருமான வரி உண்டு. கல்விக் கட்டணத்துக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து மாணவர் சேமப்படையின் அதிகாரியாகிவிடுகிறார். தரைப்படையிலும் விமானப்படையிலும் செகண்ட் லெப்டினன்ட், கடற்படையில் என்சைன் என்பது அவரது தொடக்கப் பதவி. ஆனாலும் கல்லூரியில் அவர் சீருடை அணிவதில்லை, மற்ற மாணவர்களைப் போலவே படிக்கிறார். ஆண்டுக்கு 45 நாள் மட்டும் முழுச் சம்பளத்துடன் பயிற்சிப் பணியில் இருக்கிறார்.

இதற்கு ஈடாக மாணவர் தருவது தம் வாழ்நாளின் ஆண்டுகளை. உதவித்தொகை பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு முழுநேரப் பணி, குறைந்த அளவாக மூன்று ஆண்டுகள் என்பது பொதுவிதி. அதாவது, இரண்டே ஆண்டுகள் உதவி பெற்றாலும் மூன்றாண்டுக் கடப்பாடு உண்டு. மொத்தக் கடப்பாட்டுக் காலம் எட்டு ஆண்டுகள். முழுநேரப் பணி போக எஞ்சும் ஆண்டுகளில் அவர் பெயர் சேமப்படைப் பட்டியலில் இருக்கும், நாட்டுக்கு நெருக்கடி நேர்ந்தால் அழைக்கப்படலாம். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. ராணுவம் தன் செலவை டாலரில் கணக்கிடுகிறது. மாணவரிடம் திரும்பப் பெறுவதையோ ஆண்டுகளில் கணக்கிடுகிறது. சொந்த மாநிலத்தவருக்குக் குறைந்த கட்டணம் விதிக்கும் அரசுக் கல்லூரியில் படிப்பவரும், அதைப்போல் இரு மடங்கு வாங்கும் தனியார் கல்லூரியில் படிப்பவரும் கடைசியில் தருவது அதே நான்கு ஆண்டுகளைத்தான். கட்டணம் குறைந்த கல்லூரியில் இடம் கிடைத்தவர், தனியார் மருத்துவமனையில் நான்காண்டுகள் ஈட்டக்கூடிய வருமானத்தையும் ராணுவச் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பண அளவில் அவருக்கு இந்த ஒப்பந்தம் பெரிய லாபமாகத் தோன்றாமல் போகலாம். கட்டணம் மிகுந்த கல்லூரியில் சேர்பவருக்கோ, முப்பது வயதை எட்டும்போது கடனே இல்லாமல் இருப்பது வேறு எந்த வழியிலும் எளிதில் கைகூடாத நிலை. எனவே இந்த உதவித்தொகை நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கல்லூரி, எந்த வயது, எத்தகைய குடும்பப் பொறுப்பு என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

ஆயத்தத்தின் முதல் பாதி எல்லாப் பல் மருத்துவ மாணவர்களுக்கும் பொதுவானது. அதில் தவறினால் ராணுவத்தின் கதவும் திறக்காது, ஏனெனில் அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தவருக்கே உதவித்தொகை உறுதியாகும். இளநிலைப் படிப்பில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியோடு முடித்திருக்க வேண்டும். உயிர்வேதியியலையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. அடுத்தது, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்தும் பல் மருத்துவ நுழைவுத் தேர்வு. இயற்கை அறிவியலில் 100 கேள்விகள், வாசிப்புத் திறனில் 50, கணிதத் திறனில் 40, வடிவ உணர்வுத் திறனில் 90 என நான்கு பிரிவுகள் கொண்ட இத்தேர்வின் மதிப்பெண், நெடுங்காலம் 1 முதல் 30 வரை தரப்பட்டுவந்தது. 2025 மார்ச் முதல் 200 முதல் 600 வரையிலான அளவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய நூல்களும் முன்னாள் மாணவர்களும் சொல்லும் மதிப்பெண்களைப் புதியவற்றோடு நேராக ஒப்பிட முடியாது.

வடிவ உணர்வுத் திறன் என்ற பிரிவு மற்ற மருத்துவ நுழைவுத் தேர்வுகளில் காணப்படாதது. ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்த படங்களைக் கொண்டு பக்கவாட்டுத் தோற்றத்தை ஊகிப்பது, ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபடும் கோணங்களை வரிசைப்படுத்துவது, மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் துளைகள் எங்கெங்கே அமையும் என்று சொல்வது, அடுக்கிய கனசதுரங்களில் எத்தனை பக்கங்கள் வெளியே தெரிகின்றன என எண்ணுவது ஆகியவை இதில் கேட்கப்படுகின்றன. பல் மருத்துவர் நாள் முழுவதும் செய்வதும் இதையொத்த வேலைதான்: வாய்க்கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் கடைவாய்ப்பல்லை, தட்டையான எக்ஸ்ரே படத்தின் துணையோடு, முப்பரிமாணத்தில் மனத்தில் நிறுத்திக்கொண்டு குடைவதும் நிரப்புவதும். புத்தகத்தைப் படித்து மனப்பாடம் செய்து தேற முடியாத பகுதி இது. நாள்தோறும் சிறிது நேரம் எனச் சில மாதங்கள் பழகியவர்களுக்கே கைவரும். அதோடு, பணியிலிருக்கும் பல் மருத்துவர்களின் அருகிலிருந்து கவனித்த அனுபவத்தையும் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. அந்த நேரத்தில் ஒரு பகுதியை ராணுவப் பல் மருத்துவமனை ஒன்றில் செலவிட வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு விண்ணப்பங்களுக்கும் அது வலுச்சேர்க்கும்.

ஆயத்தத்தின் மறுபாதியைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் தாமதமாகத் தொடங்குகின்றனர். விண்ணப்பதாரர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு அட்டை, அதாவது கிரீன் கார்டு, போதாது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பெற்றோருடன் சிறுவயதில் வந்து குடியுரிமைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், அங்கேயே பிறந்த தம்பி தங்கையருக்கும் இடையே இந்த ஒரு விதி பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது. வயது வரம்பும் பின்புல விசாரணையும் உண்டு. உடல்தகுதிப் பரிசோதனை கண்டிப்பானது: 13 வயது நிறைந்த பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தாலே அது தகுதிக் குறைவாகக் கருதப்படும், பல் சீரமைப்புக்காகக் கிளிப் போட்டிருப்பவரும் பொதுவிதிப்படி அச்சிகிச்சை முடியும்வரை படையில் சேர முடியாது. இவற்றுள் பலவற்றுக்கு விலக்குக் கேட்கலாம் என்றாலும், பழைய மருத்துவ ஆவணங்களைத் திரட்டி, நிபுணரின் சான்று பெற்று, மேலிடத்தின் முடிவுக்குக் காத்திருப்பதற்கு மாதக்கணக்கில் ஆகக்கூடும். எனவே கல்லூரியில் சேருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே ஆட்சேர்ப்பு அலுவலரை அணுகிவிடுவது நல்லது. சிப்பாய்களைச் சேர்க்கும் அலுவலர் வேறு, மருத்துவத் துறைக்கான அலுவலர் வேறு. பின்னவரைத்தான் தேடிச் செல்ல வேண்டும்.

நேர்காணலில் ராணுவப் பல் மருத்துவர்கள் அறிய விரும்புவது, இந்த மாணவர் எதற்காகச் சீருடை அணிய வருகிறார் என்பதையே. கடனுக்கு அஞ்சி வந்ததாகச் சொல்வதில் குற்றமில்லை. அது மட்டுமே காரணமானால், பின்னால் வரும் ஆண்டுகள் கடினமாக இருக்கும். படைக்குப் பல் மருத்துவர் ஏன் தேவைப்படுகிறார் என்பதை மாணவர் உண்மையிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். 1940-41இல் அமெரிக்கா இளைஞர்களைப் படைக்கு அழைத்தபோது, எதிரெதிரே பொருந்தும் மூன்று இணை முன்பற்களும் மூன்று இணை மெல்லும் பற்களும் இருந்தால் போதும் என்ற எளிய தகுதியைத்தான் வைத்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில் வளர்ந்த அத்தலைமுறையில் அந்தப் பன்னிரண்டு பற்கள்கூட இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டோர் ஏராளம். தொடக்கத்தில் நிராகரிப்புக் காரணங்களுள் பற்குறையே முதலிடத்தில் இருந்தது. 1942இல் விதியைத் தளர்த்தி, சேர்ந்த பின் சிகிச்சை தருவதென முடிவானது. இன்று ஒவ்வொரு வீரரும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு நான்கு வகுப்புகளுள் ஒன்றில் வைக்கப்படுகிறார். பன்னிரண்டு மாதத்துக்குள் அவசர சிகிச்சை தேவைப்படக்கூடும் எனக் கருதப்படுபவர் மூன்றாம் வகுப்பு. பரிசோதனைக்கே வராதவர் நான்காம் வகுப்பு. இவ்விரு வகுப்பினரும் களப்பணிக்கு ஆயத்தமற்றவர்களாகக் கருதப்படுகின்றனர். சீழ்கட்டிய ஒரே ஒரு பல், மலைப்பகுதி முகாமிலுள்ள ஒரு வீரரைப் பணியிலிருந்து விலக்கி, அவரை வெளியேற்ற ஒரு ஹெலிகாப்டரையும் தேவைப்படச் செய்துவிடும். அத்தகைய நிலை வராமல் முன்கூட்டியே தடுப்பதுதான் படைப் பல் மருத்துவரின் அன்றாட வேலை.

படைப் பல் மருத்துவர் ஜெனீவா உடன்படிக்கைகளின்படி போரிடாதவர்; தம்மையும் தம் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டுமே அவர் ஆயுதம் ஏந்தலாம். இந்த வரம்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கேப்டன் பென் சாலமனின் வரலாறு சான்று. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்ற அவர், 1944 ஜூலை 7 அன்று சைபான் தீவில், காயமுற்ற பட்டாலியன் மருத்துவருக்குப் பதிலாகச் சிகிச்சைக் கூடாரத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது எதிரிகள் உள்ளே புகுந்தனர். காயமடைந்தோர் பின்வாங்கிச் செல்லும்வரை அவர் இயந்திரத் துப்பாக்கியை இயக்கி அங்கேயே உயிர்துறந்தார். மருத்துவப் பிரிவினர் அவ்வாறு போரிடலாமா என்ற ஐயம் எழுந்ததால் நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அவருக்கு மறுக்கப்பட்டு, 2002இல்தான் வழங்கப்பட்டது. இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் இத்தகைய சூழலைக் காணவே போவதில்லை. என்றாலும், இப்படி ஒரு நாள் வரக்கூடிய பணியில்தான் கையெழுத்திடுகிறோம் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

பட்டம் பெற்றதும் மாணவர் தரைப்படையிலும் விமானப்படையிலும் கேப்டனாகவும் கடற்படையில் அதற்கு நிகரான லெப்டினன்டாகவும் உயர்கிறார். 2020இல் அறிமுகமான ஒருங்கிணைந்த தேசியப் பல் மருத்துவத் தேர்வில் தேறி, ஏதேனும் ஒரு மாநிலத்தின் உரிமம் பெற்றுவிட்டால், படைப்பணியில் எந்த மாநிலத்திலும் அந்த ஒரே உரிமத்தோடு பணியாற்றலாம். தொடக்க ஆண்டுகளில் இளம் மருத்துவருக்கு மிகப் பெரிய நன்மை, நோயாளியின் பணப்பையையோ காப்பீட்டையோ பாராமல் தேவையான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடிவதுதான். சிறப்புப் படிப்பை நாடுவோர் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். படையில் மேற்படிப்புக்கான இடங்கள் அதன் தேவையைப் பொறுத்தவை. குழந்தைகளுக்கான பல் மருத்துவத்திலும் பல் சீரமைப்பிலும் அவை குறைவு. மேற்படிப்பில் கழியும் ஆண்டுகள் பழைய கடப்பாட்டைப் பொதுவாகக் குறைப்பதில்லை. நீண்ட பயிற்சிகள் புதிய கடப்பாட்டையும் சேர்க்கும்.

கடற்படையில் இன்னொரு வழியும் உண்டு: கட்டணத்தை மாணவரே செலுத்திக்கொள்ள, படிக்கும் காலத்திலேயே அவரைப் படை ஊழியராகச் சேர்த்து மாதச் சம்பளமும் வீட்டுப்படியும் வழங்கும் திட்டம் அது. அந்தப் படிப்பு ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலும் சேரும் என்பதால், கட்டணம் குறைந்த கல்லூரியில் படிப்போர், குறிப்பாகக் குடும்பத்தோடு வாழ்வோர், இதையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. சீருடையில் நாட்டமில்லாமல் பொதுச்சேவையில் மட்டும் ஆர்வமுள்ளவருக்கு, மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் பணியாற்றச் செய்யும் தேசியச் சுகாதாரச் சேவைப் படையின் உதவித்தொகை இருக்கிறது.

ராணுவ வழி எதுவானாலும், படிப்பு தடைபட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் ஒப்பந்தப் பகுதியைப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் அருகில் வைத்துக்கொண்டு, படிக்க வேண்டும். படிப்பை இடையில் விட்டாலும், தேர்வில் தவறி நீக்கப்பட்டாலும் ராணுவக் கடப்பாடு தானாக நீங்கிவிடுவதில்லை. செலவிட்ட தொகையை அரசு திரும்பக் கேட்கலாம், அல்லது பல் மருத்துவர் அல்லாத வேறு பதவியில் பணியாற்ற உத்தரவிடலாம். எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாணவரிடம் இல்லை.