ஈரடிப்பு எஞ்சினும் அலை மீட்கும் குழாயும்

திருகோணமலைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டையை இல்மனைற்று மணலோடு தொடர்புபடுத்தியே பலர் அறிவர். ஆயினும் அக்கரையில் நிற்போரின் கண்ணில் முதலிற் படுவன கண்ணாடி நாரிழைப் படகுகளும் அவற்றின் பின்புறத்தே தொங்கும் வெளியிணைப்பு எஞ்சின்களுமே. பதினெட்டு முதல் இருபத்துமூன்று அடி வரை நீளமுள்ள இப்படகுகளில் 8 முதல் 25 குதிரைவலு கொண்ட எஞ்சின்கள் பயன்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஈரடிப்பு வகையைச் சேர்ந்தவை. பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகத்து மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இத்தொழிலாளரின் ஒருநாட் செலவுக் கணக்கே தலைகீழாயிற்று.

விலையுயர்வு பற்றிப் பலரும் பேசினர். வாங்கிய எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே கடலிற் கலக்கின்றது என்பது மிகக் குறைவாகவே பேசப்பட்டது. காபரேற்றர் பொருத்திய ஈரடிப்பு எஞ்சினில் இவ்விழப்பு நான்கில் ஒரு பங்கு வரையும், சில நிலைகளில் அதற்கு மேலும் இருக்கும். இவ்விழப்பு ஏன் நிகழ்கின்றது, ஒரு தகட்டுக் குழாய் அதனை எங்ஙனம் குறைக்கின்றது, அக்குழாயை எவ்வாறு கணித்துச் செய்யலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இவ்வகை ஈரடிப்பு எஞ்சினின் உருளையில் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரிலே துவாரங்கள் உள்ளன. பிஸ்டன் எனத் தொழிலாளர் வழங்கும் முசலமே அவற்றின் கதவு. முசலம் கீழிறங்கும்போது வெளியேற்றல் துவாரம் முதலில் திறக்கும். சற்றுப் பின்னர்ப் புதிய கலவை நுழையும் துவாரங்கள் திறக்கும். மேலேறும்போது இவ்வொழுங்கு நேர்மாறாகின்றது. கலவை நுழையும் வழி முதலில் அடைபட, வெளியேற்றல் துவாரம் இறுதியிலேயே அடைபடும். வீட்டின் முன்வாயிலைப் பூட்டிய பின்னும் பின்வாயில் சிறிது நேரம் திறந்து கிடப்பது போன்றது இது. அச்சிறு பொழுதில், ஏறிவரும் முசலம் புதிய கலவையின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகின்றது.

பின்வாயிலைப் பொறியுறுப்பொன்றால் அடைக்காமல், அமுக்க அலையொன்றால் அடைப்பதே இசைவாக்கிய குழாயின் தத்துவம். துவாரம் திறந்தவுடன் சூடான வாயு ஓர் அமுக்க அலையாகக் குழாயினுள் ஓடுகின்றது. வயல் வாய்க்காலில் ஓடும் ஓர் அலையை நினைத்துப் பார்க்கலாம். மூடிய மதகில் மோதினால் அது மேடாகவே திரும்பும். வாய்க்கால் குளத்தில் விரியுமிடத்தில் பள்ளமாகத் திரும்பும். குழாயிலும் அவ்வாறே. விரியும் கூம்பிலிருந்து தாழமுக்க அலை திரும்பி, எரிந்த வாயுவை உறிஞ்சிப் புதிய கலவையை வரவேற்கின்றது. அடுத்து வரும் சுருங்கும் கூம்பிலிருந்து உயரமுக்க அலை தெறித்து வந்து, துவாரம் அடைபடுவதற்குச் சற்று முன்னர், தப்பியோடிய கலவையை உருளைக்குள் மீளத் தள்ளுகின்றது.

இவ்வறிவை நடைமுறையிற் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜேர்மனியின் சொப்பாவ் நகரிலிருந்த எம்.செற் தொழிற்சாலையின் பொறியியலாளர் வால்ரர் காடன். டீ.கே.டபிள்யூ. நிறுவனத்தின் எரிக் வொல்ஃப் முன்னர்க் கையாண்ட விரிவறையை எடுத்துக்கொண்டு, அலைவுகாட்டியின் துணையுடன் குழாயினுள் அமுக்கம் மாறும் முறையை அவர் ஆராய்ந்தார். 1961 இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் பந்தய எஞ்சின் 25 குதிரைவலுவைத் தந்தது. அதாவது லீற்றருக்கு 200 குதிரைவலு. அதே ஆண்டு செப்டெம்பரில் அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்குக்குத் தப்பிச் சென்று, அந்நுட்பத்தைச் சுசுக்கி நிறுவனத்திடம் சேர்த்தார். 1962 இல் அந்நிறுவனம் 50 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் உலக வெற்றி பெற்றது. வசதி குறைந்த ஒரு பட்டறையில் முளைத்த அறிவு இங்ஙனம் பெருமுதலாளரின் உடைமையாயிற்று. அதே சுசுக்கியின் பெயரை இன்று நமது கரைப் படகுகளிலும் காண்கின்றோம்.

கணிப்புக்கு வருவோம். அலை குழாயின் முடிவுக்குச் சென்று திரும்ப எடுக்கும் நேரம், துவாரம் திறந்திருக்கும் நேரத்துக்குச் சமனாக வேண்டும். துவாரம் திறந்திருக்கும் கோணம் பாகையிலும், வேகம் நிமிடத்துக்கான சுற்றிலும், அலையின் கதி செக்கனுக்கு மீற்றரிலும் தரப்பட்டால், கதியைக் கோணத்தாற் பெருக்கி, வேகத்தின் பன்னிரண்டு மடங்கால் வகுக்க, நீளம் மீற்றரிற் கிடைக்கும். சாதாரண வளியில் ஒலியின் கதி ஏறத்தாழ 347 மீற்றர். 350 பாகை செல்சியசு அளவில் வெப்பமேறிய வெளியேற்ற வாயுவில் அது ஏறத்தாழ 500 மீற்றர்.

50 மில்லிமீற்றர் விட்டமும் அதேயளவு வீச்சும் உடைய, தமிழகத்து இளைஞர் இன்றும் போற்றும் யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஒத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். துவாரம் 170 பாகை திறந்திருப்பதாகவும், உச்ச வலு 7500 சுற்றில் வேண்டுமெனவும் கொண்டால், நீளம் 944 மில்லிமீற்றர். இது முசலத்தின் முகத்திலிருந்து சுருங்கும் கூம்பின் நடுப்பகுதி வரையான அளவு. தொடக்கக் குழாய் 36 மில்லிமீற்றர் விட்டமும், அதன் எட்டு மடங்கான 288 மில்லிமீற்றர் நீளமும் கொள்ளட்டும். வயிற்றுப் பகுதியின் விட்டம் இரண்டரை மடங்கு, அதாவது 90. விரியும் கூம்பின் முழுக்கோணம் 8 பாகையானால் அதன் நீளம் 386. சுருங்கும் கூம்பு 15 பாகையில் 22 மில்லிமீற்றர் வால்குழாயை நோக்கிக் குறுகும், நீளம் 258. அதில் பாதியான 129 ஐயும் மற்றை இரண்டு நீளங்களையும் 944 இலிருந்து கழிக்க, நேர் உருளையான வயிற்றுக்கு 141 எஞ்சுகின்றது. வால்குழாயின் விட்டத்தைக் கூட்டினால் அறையின் அமுக்கம் குன்றும். மிகக் குறைத்தால் முசலம் சூடேறி உருகும். புதிதாகச் செய்வோர் இவ்விடத்திற் பேராசை கொள்ளலாகாது.

செய்வதற்கு ஒரு மில்லிமீற்றர் மென்னுருக்குத் தகடும், வாயு ஒட்டும் கருவியும் போதும். கூம்பைத் தகட்டில் வரைவதே பலரைத் தடுமாறச் செய்வது. விரியும் கூம்பின் சாய்நீளம் 387. அதனைப் பெரிய விட்டமான 90 ஆற் பெருக்கி, இரு விட்டங்களின் வித்தியாசமான 54 ஆல் வகுக்க, வெளிவில்லின் ஆரை 645 ஆகும். 387 ஐக் கழிக்க உள்வில்லின் ஆரை 258. இரு வில்களையும் ஒரே மையத்திலிருந்து வரைந்து 25 பாகையளவில் வெட்டி, இரும்புக் குழாயொன்றின் மேல் சிறிது சிறிதாக வளைத்து விளிம்புகளை ஒட்டவேண்டும். உட்புறத்தில் ஒட்டுலோகம் துருத்திக்கொண்டிருந்தால் அராவி நீக்குதல் நன்று.

இத்துணை நுட்பமும் ஒரு குறுகிய வேக எல்லைக்குள்ளேதான் பயன் தரும். மேற்கண்ட எஞ்சின் 3500 சுற்றில் ஓடும்போதும் அலை திரும்ப எடுக்கும் நேரம் ஏறத்தாழ அதே 3.8 மில்லிசெக்கன்தான். ஆனால் அந்நேரத்தில் சுழல் தண்டு 79 பாகை மாத்திரமே திரும்பியிருக்கும். முசலம் அடித்தானத்தை அண்மித்து, எல்லாத் துவாரங்களும் அகலத் திறந்திருக்கும் வேளையில் உயரமுக்க அலை வந்து, உள்ளே வரும் கலவையை எதிர்க்கும். உதவவேண்டிய அலை பகையாகும். சைலென்சரை வெட்டிக் குறைத்தால் வலு கூடும் என்னும் பரவலான நம்பிக்கையும் இதனாலேயே பிழைக்கின்றது.

இக்குழாயை வெளியிணைப்பு எஞ்சினுக்கு மாட்டலாமா? அவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலும் 4500 க்கும் 5500 க்கும் இடையில் முழு வலுவைத் தருவன. 5000 சுற்றுக்கும் 160 பாகைக்கும் கணித்தால் 1.33 மீற்றர் வேண்டும். எஞ்சினின் காலோ 15 அல்லது 20 அங்குலப் படகுப் பின்பலகைக்கு அமைந்தது. சூடான குழாயொன்றைப் படகினுள் நீட்டுவது வலையோடும் எரிபொருட் கலத்தோடும் வேலை செய்வோருக்கு ஆபத்தானது. எனவே காலினுள் அமையும் குட்டைக் குழாயிலிருந்து தாழமுக்க அலையை மட்டுமே எதிர்பார்க்கலாம். 0.4 மீற்றர்க் குழாயானால், 5000 சுற்றில் துவாரம் திறந்து 48 பாகை கழிந்ததும் உறிஞ்சும் அலை வந்துசேரும். கலவை நுழைவதற்கு அது ஏற்ற வேளை. குளிர்நீர் வாயுவின் வெப்பத்தைக் குறைப்பதால் அலை சற்றுத் தாமதிக்கவும் கூடும். பின்வாயிலை அடைக்கும் உயரமுக்க அலையோ இங்கில்லை. இழப்பின் பெரும்பகுதி எஞ்சியே நிற்கின்றது. 1996 இல் ஐக்கிய அமெரிக்கா கடல் எஞ்சின்களின் கழிவுக்கு வரம்பு விதித்த பின்னர், அங்கு நேரடி உட்செலுத்தலும் நாலடிப்பு எஞ்சின்களும் பரவின. பழைய வகை எஞ்சின்களோ நம்போன்ற நாடுகளின் சந்தைகளில் தொடர்ந்து விற்கப்பட்டன. 1951 இல் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பு புல்மோட்டைக்கு வடக்கே அடுத்துள்ளது. எரியாத மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் அத்தகைய ஆழமற்ற நீரிற் கலப்பதன் விலை எந்தப் பற்றுச்சீட்டிலும் வருவதில்லை.

குழாயை மாற்ற இயலாதவிடத்து, எஞ்சினை அதன் இசைவு வேகத்தில் ஓடவிடுவதே கைக்கெட்டும் வழி. அது நீரிற் சுழலும் விசிறியைப் பொறுத்தது. இலைச் சரிவு மிகுந்த விசிறியைப் பூட்டிப் பாரமேற்றினால், முழுத் திறப்பிலும் எஞ்சின் 4000 சுற்றைத் தாண்டாது திணறும். அலையும் வேளை தவறும். மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் எரிந்து படியும் கரி வெளியேற்றல் துவாரத்தைச் சிறுக்கச் செய்வதால், அதனைக் காலந்தோறும் சுரண்டவேண்டும். வேகமானியொன்றை ஒரு நாளைக்கு இரவல் பெற்று, வழக்கமான பாரத்தோடு கடலில் ஓடி அளந்தால் போதும். சுற்று குறைவாயிருப்பின், சரிவு ஓரங்குலம் குறைந்த விசிறி ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகளைக் கூட்டித்தரும்.