காய்ச்சல் போய்விட்டது, பெலன் எப்போது வரும்?

மார்கழி, தை மாதங்களில் மழையோடு டெங்குக் காய்ச்சலும் நம் பகுதிகளில் கூடுகிறது. காலபோக நெல் அறுவடையை நெருங்குவதும் அதே நாட்களில்தான். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர்.

வைத்தியசாலையில் துண்டு வெட்டியதும் நோய் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் நிலத்தில் நாட்கூலிக்குப் போகும் நமக்கு ஒரு நாள் இருந்தாலும் உலை கொதிக்காது. ஆகவே மறுநாளே மண்வெட்டியைத் தூக்குகிறோம். பத்து மணிக்குள் தலை சுற்றி வரம்பில் குந்திவிடுகிறோம். பார்ப்பவர்கள் சோம்பல் என்கிறார்கள்.

இது சோம்பல் அல்ல. ஒரு வாரம் பசியின்றிப் படுத்திருந்தாலே தசைகள் மெலிந்துவிடும். வயதானவர்களுக்கு இன்னும் விரைவாக மெலியும், மெதுவாகத்தான் திரும்பும். இரத்தப் பரிசோதனை சரியாக வந்த பின்னும் சிலருக்குக் களைப்பு பல வாரங்கள் நீடிக்கும்.

எப்படித் தொடங்குவது?

முதல் நாட்களில் முழுநேரமும் படுத்திருக்க வேண்டாம். கதிரையில் இருந்து எழும்பி, மீண்டும் இருங்கள். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை போதும். முடியாவிட்டால் கையை ஊன்றி எழும்பலாம். பிறகு முற்றத்தில் நடவுங்கள். நடக்கும்போது கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நின்று ஆறுங்கள்.

தண்ணீர் அள்ளும்போது அரைக்குடமாக இரண்டு தரம் எடுங்கள். மரக்கறி வெட்டுவதையும் குளிப்பதையும் இருந்துகொண்டே செய்யலாம். களைத்த பின் நிறுத்துவதைவிட, களைக்குமுன் நிறுத்துவதே நல்லது. இன்று செய்த வேலையால் நாளை எழும்ப முடியவில்லை என்றால், அந்த வேலை கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். நன்றாக இருந்தால் சில நாட்களுக்கு ஒரு முறை சிறிது கூட்டுங்கள். களை பிடுங்குவது முதலில். கொத்துவதும் மூட்டை தூக்குவதும் கடைசியில்.

பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்தாதீர்கள். தசை திரும்ப வளர அவைதான் வேண்டும். வசதியில்லாவிட்டால் பருப்பு, பயறு, கௌபி, முருங்கையிலை உதவும். ஒரேயடியாக உண்ண முடியாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை உண்ணலாம். உடம்பு நோவுக்குக் கடையில் கேட்டு அஸ்பிரின், இபுபுரோஃபன் வாங்க வேண்டாம். அவை இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

காய்ச்சல் திரும்பினால், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கறுப்பு மலம், மூச்சுத் திணறல் கண்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

சீமோனின் மாமியார் காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்தார் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். அது ஆண்டவர் செய்த புதுமை. நம் வீட்டுத் தாய்மாரிடம் அதே புதுமையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. உறவுகளை விட்டு வந்திருக்கும் நமக்கு அயலவரே உறவு. பக்கத்து வீட்டில் ஒருவர் நோயிலிருந்து எழும்பியிருந்தால், இரண்டு கிழமைக்கு அவருடைய குடத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுப்போம். நாளை நம் குடத்தை அவர் சுமப்பார்.