உஷார்! ரயில் பாஸ் வாங்கியதும் சீட் வந்துவிடாது

கோடை லீவு நெருங்கினால் சீவலப்பேரி, பாளையங்கோட்டை பக்கத்து வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. ஜெர்மனியிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் பிள்ளை, "அம்மாவும் அப்பாவும் கிளம்பி வாங்க, ஒரே பாஸ்ல அஞ்சு நாட்டை ரயில்லயே சுத்திருவோம்" என்கிறான். அவன் சொல்வது யூரெயில் பாஸ். 33 நாட்டு ரயில்களில் செல்லும். நல்ல பாஸ்தான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இல்லையென்றால் பாஷை தெரியாத ஊரில் பெட்டியும் கையுமாக நிற்க நேரும்.

முதலில் விசா. பாஸ் 33 நாட்டுக்கு, ஷெங்கன் விசா 29 நாட்டுக்கு. பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி, செர்பியா எல்லாம் பாஸில் உண்டு, ஷெங்கனில் கிடையாது. பாரிஸில் ஏறி லண்டனைப் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கவனியுங்கள். பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். அதோடு, உங்கள் ஷெங்கன் விசா ஒரே முறை நுழையத்தான் என்றால் லண்டனிலிருந்து திரும்பி உள்ளே வர முடியாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே மனு போடலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள்.

அடுத்த தவறு குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து மகன் யூரெயில் போட்டுவிடுகிறான். யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறோம் என்பதுதான் கணக்கு. பிராங்பர்ட்டில் இருக்கும் மகன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் எடுக்க வேண்டும். அந்தப் பாஸில் அவன் வசிக்கும் நாட்டுக்குள், வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான் செல்லும். அப்பா அம்மாவை ஜெர்மனி முழுக்க ரயிலில் சுற்றிக்காட்ட நினைத்தால் அவன் தனியாக டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

இனி, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். நெல்லை எக்ஸ்பிரஸில் கன்ஃபர்ம் ஆகாமல் சார்ட் போடும்வரை தவித்த நமக்குத் தெரியும், டிக்கெட் வேறு, சீட் வேறு. ஐரோப்பாவில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் ஐ.சி.இ., சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவின் பெரும்பாலான பகல்நேர ரயில்களில் பாஸோடு நேரே ஏறிவிடலாம். பிரான்ஸின் டி.ஜி.வி., ஸ்பெயினின் ஏ.வி.இ., இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, யூரோஸ்டார், அநேகமாக எல்லா இரவு ரயில்களும் அப்படியல்ல. ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. யூரோஸ்டாரில் ஆளுக்கு 30 யூரோவும் அதற்கு மேலும் போகும். நாலு பேர் குடும்பத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

காசைவிடப் பெரிய சிக்கல் கோட்டா. டி.ஜி.வி.யிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம்தான். ஜூன், ஜூலையில் அவை தீர்ந்துபோகும். ரயிலில் இடம் காலியாக இருக்கும், உங்கள் பாஸுக்கு மட்டும் இருக்காது. அப்போது முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும், அல்லது டி.இ.ஆர். மாதிரி உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போக வேண்டும். முழங்கால் வலியோடு வரும் அம்மாவை வைத்துக்கொண்டு அது முடிகிற காரியமா? அதனால் பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகப் போகிறீர்கள் என்றால் முதலில் சீட் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தேதியை முடிவு செய்யுங்கள். இத்தாலியின் இட்டாலோ, பிரான்ஸின் வீகோ போன்ற ரயில்கள் பாஸை ஏற்பதே இல்லை. நகர மெட்ரோவும் பாஸில் சேராது. பாரிஸில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு ஸ்டேஷனுக்கு மெட்ரோவில் போனால் அதற்குத் தனி டிக்கெட்.

போனில் வரும் பாஸையும் கவனியுங்கள். ரெயில் பிளானர் ஆப்பில் பாஸை ஆக்டிவேட் செய்வது முதல் வேலை. அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறப்போகும் ரயிலை ஆப்பில் சேர்த்து, அன்றைய நாளைத் திறந்து, கியூ.ஆர். கோடு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். டி.டி.இ. வந்தபின் போனைத் தடவினால் டிக்கெட் இல்லாத பயணி கணக்குதான், அபராதம் விழும். நள்ளிரவுக் கணக்கும் முக்கியம். இரவு ரயிலில் ஏறி காலையில் இறங்கினால் ஏறிய நாள் மட்டும் கழியும். 12 மணிக்கு மேல் வேறு ரயில் மாறினால் இன்னொரு நாளும் போய்விடும்.

இரவு ரயிலில் பெட்டி எண்ணையும் பார்த்து ஏறுங்கள். முன்பு மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகளைத் தனியே பிரித்துக்கொண்டு போவார்களே, அதே வேலை அங்கேயும் உண்டு. தூங்கி எழுந்தால் பாதிக் குடும்பம் வேறு நாட்டில் இருக்கும்.

4 முதல் 11 வயதுவரை பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம், ஆனால் பெரியவர்களுடைய பாஸோடு சேர்த்துக் கேட்டு வாங்கினால்தான் வரும். அப்பாவின் பாஸ்போர்ட் முடியப்போகிறதா? ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்ல வேண்டும். பாஸில் பாஸ்போர்ட் எண் இருக்கும் என்பதால், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதுப்பித்து, புது எண் வந்தபிறகே பாஸுக்குப் பணம் கட்டுங்கள்.