வேலைக்குப் பெரியவள், விமானத்துக்குச் சிறியவளா?

"அதற்குள் என்ன அவசரம்? பிள்ளை இன்னும் சிறிசு!"

அயல்நாட்டுச் சுற்றுலாவுக்குப் பள்ளியிலிருந்து பெயர் வந்தால், தொழிலாளி வீட்டில் முதலில் எழும் குரல் இதுதான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர் ஆசிரியர்களோடு ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு விமானமேறினர். எந்த வயதில் அனுப்பலாம் என்பது அதன்பின் பங்களாவாசிகளின் கேள்வி மட்டுமல்ல. கூலிக்காரரின் கேள்வியும் ஆகிவிட்டது.

சீமான் வீட்டில் இதை யாரும் கேட்பதில்லை. 5 வயது நிரம்பிய குழந்தையைப் பெற்றோர் துணையின்றியே, தம் பணியாளர் பொறுப்பில் ஏற்றிச் செல்லும் விமானக் கம்பெனிகள் உண்டு. ஆனால் தம்பியை இடுப்பில் சுமந்து, ரேஷன் கடை வரிசையில் நின்று, உலை வைத்து இறக்கும் நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண், விமானம் என்றதும் திடீரென்று 'சிறிசு' ஆகிவிடுகிறாள்! இது என்ன கணக்கு, தோழர்களே?

இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டோரிஸ் ஆலன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், இரண்டாம் உலகப் போருக்குப்பின், பல நாட்டுச் சிறுவர்களை ஒரே முகாமில் வாழவைக்கத் திட்டமிட்டார். 1951இல் சின்சினாட்டி நகரில் முதல் முகாம் கூடியது. அவர் தேர்ந்த வயது 11. தன் நாட்டைப் பற்றி எடுத்துச்சொல்லத் தெரிந்த வயது; பிற நாட்டாரை வெறுக்கப் பழகாத வயது. சி.ஐ.எஸ்.வி. என்ற அவ்வமைப்பின் முகாம்களுக்கு இன்றும் அதே வயதுதான். ஒரு நாட்டுக்கு இரண்டு ஆண், இரண்டு பெண். அந்த நால்வருக்குத் துணையாக ஒரு பெரியவர். பெண்ணுக்குச் சரிபாதி என்பதைக் கவனியுங்கள். நால்வருக்கு ஒருவர் என்பதை இன்னும் கவனியுங்கள். (அந்திரோப்போவின் அழைப்பை ஏற்று 1983இல் சோவியத் நாடு சென்ற அமெரிக்கச் சிறுமி சமந்தா ஸ்மித்துக்கும் வயது 11தான். தாய் தந்தை உடன் சென்றனர்.)

ஆனால் வயது மட்டும் அளவுகோலாகாது என்போம். உறவினர் வீட்டில் அம்மா இல்லாமல் இரண்டு இரவு தங்கியிருக்கிறதா பிள்ளை? வயிறு வலித்தால் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுமா? கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அலறி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்குமா? ஆம் என்றால் 11 போதும். இல்லையென்றால், 15 ஆனாலும் ஓராண்டு பொறுக்கலாம். வகுப்பில் முதல் மாணவன் என்ற பெருமை இங்கே செல்லாது.

பள்ளியிலும் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? ஆசிரியை உண்டா? காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? வீட்டோடு எப்போது பேசலாம்? "சர்க்கார் அழைத்துப்போகிறது, நாம் என்ன கேட்பது?" என்று கைகட்டி நிற்பது பெற்றவனுக்கு அழகல்ல. பதில் திருப்தியாக இருந்தும், பெண் என்பதற்காக மட்டும் மறுக்கும் தோழர், அந்தக் காரணத்தை அவள் முகம் பார்த்துச் சொல்லட்டும்.

பாஸ்போர்ட்டை மறந்துவிடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குத் தாய், தந்தை இருவர் ஒப்புதலும் கேட்பார்கள். தகப்பன் வெளியூரில் வேலை செய்யும் குடும்பங்கள் பெயர் வந்தபின் ஓடித்திரிய நேரமிருக்காது. அடுத்த விடுமுறைக்கு அவர் வரும்போதே கையெழுத்தை முடித்துவைக்க வேண்டும்.