புனிதப் பணி என்பார். ஊதியம் கேட்டால் முகம் சுளிப்பார்!

தோழர்களே!

ஆண்டுக்கொரு முறை ஆசிரியர் நாள் வருகிறது. மேடை போடுகிறார்கள், மாலை சூட்டுகிறார்கள். ஆசிரியரை மெழுகுவர்த்தி என்கிறார் ஒருவர்; ஏணி என்கிறார் இன்னொருவர். மெழுகுவர்த்திக்குக் குடும்பம் இல்லை. ஏணிக்குப் பசி இல்லை. ஆசிரியருக்கோ இரண்டும் உண்டு! இதை மட்டும் மேடையில் எவரும் சொல்வதில்லை.

தனியார் பள்ளி ஒன்றில் காலை முதல் மாலை வரை நின்றபடியே பாடம் சொல்லும் ஆசிரியரை ஊக்குவது எது? சம்பளமா? சம்பளந்தான் ஊக்கம் என்றால் அவர்களில் பாதிப்பேர் என்றைக்கோ வேறு வேலை பார்த்துப் போயிருப்பார்கள். மாடிக் கட்டடமா? வாசலில் நிற்கும் பேருந்தா? அவை நிர்வாகத்தின் சொத்து, ஆசிரியரின் சொத்தல்ல. பின் எதுதான் அவரை ஊக்குகிறது? விடையைத் தேடி மரக்காணத்துக்குப் போவோம், வாருங்கள்.

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கிறது உப்பளம். வெயில் சுட்டால் உப்பு விளையும். மழை பிடித்தால் பாத்தி மூழ்கும்; பாத்தி மூழ்கினால் தொழிலாளி வீட்டு அடுப்பும் அணையும். வெயிலேறும் முன்னே உப்பு வார வேண்டும் என்பதால், விடியுமுன்பே வீட்டை விட்டுப் புறப்படுகிறாள் தாய். பிள்ளை தானே எழ வேண்டும்; தானே தலை வார வேண்டும்; தம்பிக்குச் சட்டை மாட்டிக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு வர வேண்டும்.

அந்தப் பிள்ளை ஒருநாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தானே படிக்கிறது. அதன் கண்ணில் ஓர் ஒளி தோன்றுகிறது. பாட்டன் கைநாட்டு, கூலிக் கணக்கைக் கங்காணி சொன்னபடி கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்தவன். பேரப்பிள்ளை அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்து, "இங்கே ஒரு நாள் குறைகிறதே!" என்று கேட்கப் போகிறது. அதற்கு வழி திறந்தவர் ஆசிரியர். அந்த ஒளிதான் அவரை மறுநாளும் வகுப்புக்கு இழுத்து வருகிறது.

இது வெறும் உருக்கப் பேச்சல்ல, வரலாறு.

இத்தாலி நாட்டு ரோம் நகரம். ஆண்டு 1907. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின், குடியிருப்பில் தனித்து விடப்பட்ட குழந்தைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குவார்களே என்று கட்டட உரிமையாளர்களுக்குக் கவலை! குழந்தைகளை ஓரிடத்தில் அடக்கி வைக்க ஆள் தேடினார்கள். பொறுப்பேற்றவர் மரியா மாண்டிசோரி என்ற மருத்துவப் பெண்மணி. உரிமையாளர்கள் சுவருக்குக் காவல் தேடினார்கள். உலகுக்குப் புதிய கல்விமுறை கிடைத்தது. தொழிலாளியின் பிள்ளை தன் கையால் தொட்டு, அடுக்கி, தடவிப் பார்த்து எழுத்தறிவதைக் கண்டார் அவர். அந்தக் காட்சியே அவருக்குப் பாடநூலாயிற்று.

அதே அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டது; 1940-ல் இத்தாலி எதிரி நாடாயிற்று; ஊர் திரும்ப வழியில்லை. 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பழக்கினார்.

அவர் வருவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, 1894-ல், அதே அடையாறுப் பக்கத்தில் கர்னல் ஆல்காட் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். யாருக்காக? தீண்டத்தகாதவர் என்று மற்றப் பள்ளிகளின் வாசலில் தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக. கட்டணம் கிடையாது. பின்னர் சென்னையில் அத்தகைய பள்ளிகள் மேலும் எழுந்தன. மயிலாப்பூரில் எழுந்த ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். இவையும் தனியார் பள்ளிகள்தாம், தோழர்களே! ஊர் விரட்டிய பிள்ளையை உள்ளே அழைத்த தனியார் பள்ளிகள்.

இன்றோ மாண்டிசோரி என்ற பெயர் ஊருக்கு ஊர் பலகையில் தொங்குகிறது. தொழிலாளியின் குழந்தையிடம் பிறந்த முறை, தொழிலாளி கட்ட முடியாத கட்டணத்துக்கு விற்கப்படுகிறது! 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. சட்டம் சொல்லித்தான் கதவு திறக்க வேண்டியிருக்கிறது. எல்லா நிர்வாகமும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்காகவே நடக்கும் பள்ளிகள் இன்றும் உண்டு. ஆனால் வசூலே குறிக்கோள் என்று நடப்பவை எத்தனை, எண்ணிப் பாருங்கள்!

அங்கே பாடம் சொல்பவரின் நிலை என்ன? அரசுப் பள்ளி ஆசிரியர் பெறுவதில் சிறு பங்கே பல பள்ளிகளில் சம்பளம். கேட்டால், "இது தொண்டல்லவா?" என்ற பதில்.

இந்தப் "புனிதம்" நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வேலை நீக்கப்பட்ட கோவாப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொழில் தகராறுச் சட்டத்தின் துணையை நாடினார். ஆசிரியர் அச்சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்று 1988-ல் தீர்ப்புச் சொன்னது உச்சநீதிமன்றம். குழந்தையின் குணத்தை உருவாக்கும் உயர்ந்த பணியாம் அது. உடலுழைப்புமல்ல, எழுத்தர் வேலையுமல்லவாம்! உயர்த்தி வைத்தார்கள், உயர்த்திய இடத்தில் உரிமையைக் காணோம்.

பணிக்கொடைச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றது 2004-ல் வந்த தீர்ப்பு. ஆசிரியர்கள் ஓயவில்லை. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடின. 2022-ல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு பணி முடித்தவர் விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பெறும் உரிமை அது. எவர் இட்ட பிச்சையுமல்ல, போராடிப் பெற்றது!

உப்பளத் தொழிலாளிக்கு இந்த வழக்குகளால் என்ன என்று கேட்கலாம். நிறைய உண்டு. அரைச் சம்பளம் பெறும் ஆசிரியர் மாலையில் வேறு வேலை தேடி ஓடுவார். அடுத்த ஆண்டு பள்ளியை விட்டே போவார். ஆண்டுக்கொரு ஆசிரியர் மாறினால், படிப்பறியாத வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுப்பார் யார்? வசதியுள்ள வீடு தனிப்பயிற்சிக்கு அனுப்பும். உப்பு வாரும் வீடு எங்கே அனுப்பும்?

ஆகவே, தோழர்களே, பள்ளிக்குப் போகும்போது பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். "எங்கள் ஆசிரியருக்கு நியமன ஆணை கொடுத்தீர்களா? கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? கையெழுத்துப் போடும் தொகையும் கைக்கு வரும் தொகையும் ஒன்றுதானா?" என்றும் கேளுங்கள். சங்கக் கூட்டத்துக்கு ஆசிரியரையும் அழையுங்கள். பாத்தியில் நிற்பவரும் கரும்பலகை முன் நிற்பவரும் உழைத்து உண்பவர்களே.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் நம் முன்னோர். எழுத்திட்டவரை நினைப்பதற்கு மாலை போதாது. ஊக்கத்தைக் குழந்தை கொடுத்துவிட்டது. ஊதியத்தை நிர்வாகம் கொடுக்கட்டும்!