நோம்பி வந்தாலும் ஊசி நாளைத் தள்ளாதீங்க



நம்ம கொங்குப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் "நோம்பி முடியட்டும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மகளுக்கு வரன் பார்ப்பதும், கடன்காரருக்குப் பதில் சொல்வதும் நோம்பி கழிஞ்சுதான். ஆனால் வீட்டில் ஒருத்தருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது இந்தப் பேச்சு ஆகாது. அதுவும் நோயாளி வீட்டுப் பொம்பளையாக இருந்தால், "பொங்கலுக்கு நான் இல்லாமல் எப்படி?" என்று தானே ஊசி நாளைத் தள்ளிப் போடப் பார்ப்பார். அவரைத் தடுக்க வேண்டியது குடும்பத்தாரின் வேலை.

ஏன் தள்ளக் கூடாது? கீமோ மருந்து ஏறினால் புற்று அணுக்களில் ஒரு பங்கு சாகும். நல்ல அணுக்களும் கூடவே அடிபடும். அவை தேறி வரத்தான் இடைவெளி விடுகிறார்கள். நிறைய மருந்துகளுக்கு இது 21 நாள். அதற்கு மேல் நாமாகத் தள்ளினால் மிச்சம் இருக்கும் புற்றும் தேறிவிடும். கடலைக்காட்டில் முதல் களை எடுத்துவிட்டு இரண்டாம் களையை விட்டால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா? ரத்த அணுக்கள் குறைவு என்று டாக்டரே தள்ளி வைத்தால் அது வேறு கணக்கு.

'கரண்ட் வைக்கிறது' என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் இப்படித்தான். பொதுவாக வாரம் ஐந்து நாள், சில வாரங்கள் விடாமல் போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக் கதிர்வீச்சு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சு எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிப்பதுதான் நல்லது. நடுவில் நாள் விட்டுப்போனால் குணமாகும் வாய்ப்பு குறையும். பண்டிகைக்கு மெஷின் ஓடுமா, லீவு விட்டால் அந்த நாளை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்க.

ஒரு கணக்கு பார்ப்போம். ஜனவரி 5-ல் ஊசி போட்டதாக வைத்துக்கொள்ளுங்க. ஊசி போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் குறைந்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. பொங்கலும் பட்டிப் பொங்கலும் சரியாக அதில்தான் விழுகின்றன. அடுத்த ஊசி 21 நாள் கழித்து என்றால் ஜனவரி 26. அன்று குடியரசு தின விடுமுறை. இதை 5-ஆம் தேதியே டாக்டரிடம் கேட்டு, முந்தின நாளா அடுத்த நாளா என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சல் இல்லை.

பொங்கல் நடக்கட்டும். அவர் வேலை செய்யாமல் நடக்கட்டும். காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கொண்டுவருவது மகன் பொறுப்பு. கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, மாடு குளிப்பாட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. எதிர்ப்புச் சக்தி குறைந்த நாளில் அவர் சாணியில் கை வைக்கவே கூடாது. "அம்மணி, இந்த வருஷம் அடுப்பு எங்க பாடு, நீ திண்ணையில உக்காந்து சொல்லு" என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

சாப்பாடு சுடச்சுட இருக்கட்டும். சந்தகை, அரிசிம்பருப்புச் சாதம், வெந்த காய் எல்லாம் நல்லதுதான். நாலு நாள் ஆன கச்சாயமும் ஈ மொய்த்த பலகாரமும் வேண்டாம். வாயில் புண் இருந்தால் கரும்பைக் கடிக்க வேண்டாம், ஈறு கிழியும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்க.

தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல் ஞாபகம் வரும். கரண்ட் வைக்கிற இடத்தில் எண்ணெய், மஞ்சள், சீயக்காய் எதுவும் தேய்க்க வேண்டாம். தோல் வெந்துபோன மாதிரி இருக்கும், இன்னும் எரியும். அங்கே மையால் போட்டிருக்கும் கோட்டையும் அழிக்கக் கூடாது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மெஷினை நேராக வைப்பார்கள்.

காய்ச்சல் விஷயத்தை மட்டும் நன்றாக மனசில் வையுங்க. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, பொங்கல் அன்றைக்கே ஆனாலும், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசாயம் குடித்தோ, மாத்திரை போட்டோ விடியும் வரை பார்க்கக் கூடாது. நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. போனவுடன், "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சுங்க" என்பதை முதலில் சொல்லி ஃபைலைக் காட்டுங்க. அப்போதுதான் கிருமிக்கான மருந்தை நேரம் கடத்தாமல் ஏற்றுவார்கள்.

இனி சொந்தபந்தம். நோம்பிக்கு வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்து, "இப்படித்தான் எங்க ஊர்ல ஒருத்தி..." என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்த ஒரு ஆள் வேண்டும். நாத்தனாரோ ஓரகத்தியோ, கொஞ்சம் வாய் உள்ளவராகப் பார்த்து வையுங்க. சளி, காய்ச்சல், அம்மை உள்ள பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடலாம். மற்றபடி புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பேரன் மடியில் படுத்தாலும் ஒட்டாது. முடி கொட்டினவர் தலையில் பூ வைக்க முடியவில்லையே என்று கலங்குவார். பெரும்பாலும் சிகிச்சை முடிந்ததும் முடி வளர்ந்துவிடும். அதுவரை அதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

பணத்துக்கு மீட்டர் வட்டிக்குப் போகாதீங்க. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று வேண்டும். பொங்கலுக்கு ஆபீஸ் நாலைந்து நாள் பூட்டிக் கிடக்கும், மார்கழியிலேயே வாங்கி வையுங்க. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கீமோவும் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. போக வர ஆகும் செலவுக்கும் கூலி போன நஷ்டத்துக்கும் குழுவில் உள்கடன் கேளுங்க. கூட்டத்துக்கு வரவில்லை என்று அந்த உறுப்பினருக்கு அபராதம் போடுவது நியாயமே இல்லை. முறை வைத்து நாலு பேர் அவர் வீட்டில் பால் கறந்து கொடுக்கலாமே!

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் நம் பக்கம் உண்டு. அதுவே ஒரு குடும்பத்தின் துயரத்தில் பிறந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையை மறக்காத அக்கா 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிற ஒருத்தருக்கு நாலில் மூன்று பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பண்டிகை ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். 60 நாளுக்கு முன்னாலேயே டிக்கெட் எடுக்கலாம் என்பதால், தை மாதத்து ஊசிக்குக் கார்த்திகையிலேயே கவுண்டருக்குப் போய்விடுங்க.