தொழில் தெரிந்த கை ஆசிரியராகும்போது

திருப்பூரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே வகைக் கதையையே சொல்வர். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவன் டெய்லரானான். சில ஆண்டுகளில் நான்கு மெஷின் வாங்கிப் பவர் டேபிள் போட்டான். இன்று ஏற்றுமதியாளனாக விளங்குகிறான் என்பதே அக்கதை. அது வெறும் புனைவன்று. இந்நகரின் முதலாளிகளுள் பலர் தொழிலாளராக வாழ்வைத் தொடங்கியோரே என்பதை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

தொழிலாளி முதலாளியான வரலாற்றைப் போற்றும் நாம், தொழிலாளி ஆசிரியரான வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகள் மெஷினில் அமர்ந்த ஒருவர் பயிற்சிக்கூடத்துள் நுழையும்போது எதைக் கொண்டுவருகிறார்? எதைப் புதிதாகக் கற்கவேண்டியவராகிறார்? இதனைச் சிறிது ஆராய்வோம்.

பழைய பள்ளி

பல்லாண்டுகளாகத் திருப்பூரில் தையல் தொழிலுக்குப் பள்ளி, டெய்லரின் அருகிலேயே இருந்தது. கைமடி துணியை மடித்துக் கொடுப்பான். தைத்ததை வாங்கி அடுக்குவான். உணவு வேளையில் மெஷின் ஓய்ந்திருக்கும்போது, கழிவுத் துணியில் ஓட்டிப் பழகுவான். கட்டணமில்லை, நூலில்லை. ஆனால், கற்பிப்பவரோ பீஸ் ரேட்டில் உழைப்பவர். சொல்லிக்கொடுக்கச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியிலிருந்தே கழிந்தது. எனவே, கற்பது அவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயிற்று.

அப்பள்ளியில் சிறுவர் பலரின் படிப்பும் பலியாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதை, மிகச் சில விலக்குகள் நீங்கலாக, 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்கிறது. பழைய வழி திரும்பவேண்டியதில்லை, திரும்பவும் கூடாது. அவ்விடத்தைத் தொழிற்பயிற்சி நிலையங்களே நிரப்பவேண்டும். ஐ.டி.ஐ.களில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் பயிற்சியாக உள்ளது. 1997இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் நிஃப்ட்-டீ என்னும் பின்னலாடைக் கல்லூரியும் தோன்றியது. கட்டடமும் மெஷினும் வந்தபின் எஞ்சும் கேள்வி ஒன்றே: கற்பிப்பவர் யார்?

அனுபவம் தரும் செல்வம்

பின்னல் துணி நெய்த துணியைப் போன்றதன்று. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ரோலைப் பிரித்தவுடன் வெட்டினால், வெட்டிய பின் துண்டுகள் சுருங்கி அளவு குறையும். ஆகவே, துணியை விரித்துத் தளரவிட்ட பின்னரே கட்டிங் மாஸ்டர் கத்தியை எடுப்பார். கூரிய முனையுள்ள ஊசி பின்னலின் கண்ணியை அறுத்துவிடக்கூடும். உருண்ட முனையுள்ள ஊசியோ இழையை ஒதுக்கிக்கொண்டு செல்லும். அறுந்த கண்ணி அப்போதே கண்ணுக்குப் படாமல், சலவைக்குப் பின் ஓட்டையாக வெளிப்படுவதுண்டு. ஊசி உடைந்தால், அதன் துண்டுகள் அனைத்தையும் தேடிச் சேர்க்கவேண்டும். ஒரு துண்டு ஆடையில் தங்கினால், அதை அணியும் குழந்தையின் உடலில் அல்லவா குத்தும்?

இவை பாடநூலிலும் உள்ளவையே. ஆனால், ஒரு தவற்றால் பெட்டி பெட்டியாகச் சரக்குத் திரும்பியதைக் கண்டவர் சொல்லும்போது, அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. ஓவர்லாக் மெஷினின் ஓசை சற்றே மாறியதும் கோளாறு எங்கே என்று அறியும் செவியை நூல் மட்டும் தந்துவிடாது.

வாய் பேசாத திறமை

இனி மறுபக்கத்தைக் காண்போம். சட்டைக்குக் கை இணைப்பது எப்படி என்று தேர்ந்த டெய்லரிடம் கேட்டுப் பாருங்கள். ‘இதோ, இப்படித்தான்’ என்று சில நொடிகளில் தைத்துக் காட்டுவார். மாணவி கண்டதோ விரைந்தோடிய இரு கைகளை மட்டுமே! கை எவ்வளவு தேர்ச்சி பெறுகிறதோ, அவ்வளவுக்கு வாய் ஊமையாகிவிடுகிறது. எண்ணிச் செய்த காலத்தை அவர் எப்போதோ கடந்துவிட்டார்.

இவ்விடர்ப்பாடு உலகப் பொதுவானது. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் கப்பல் கட்டும் தொழிலுக்கு ஏராளமானோரை விரைந்து பழக்கவேண்டியிருந்தது. தொழிலறிந்தவர்களையே ஆசிரியராக்கும் பணியில் ஈடுபட்ட சார்லஸ் ஆலன், தம் முறையை 1919இல் நூலாக வெளியிட்டார். மாணவனை ஆயத்தப்படுத்தல், செய்து காட்டல், அவனையே செய்யவைத்தல், சோதித்தல் என்பன அவர் வகுத்த நான்கு படிகள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இம்முறையைக் கொண்டே இலட்சக்கணக்கான மேற்பார்வையாளர்கள் பயிற்றப்பட்டனர். வேலையைப் படிப்படியாகப் பிரித்தெழுதி, ஒவ்வொரு படிக்கும் எதிரே தவறக்கூடாத நுட்பத்தைக் குறித்துக்கொள்வது அதன் சாரம்.

கை இணைக்கும் வேலையையே அவ்வாறு எழுதிப் பார்ப்போமா? உடலிலும் கைத்துண்டிலும் உள்ள வெட்டுக்குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துதல் ஒரு படி. நல்ல பக்கங்கள் உள்ளே நோக்கியிருத்தல் அதன் நுட்பம். மெஷினுக்குள் செலுத்துதல் அடுத்த படி. துணியைக் கை வழிகாட்டவேண்டும், இழுக்கலாகாது. இழுத்தால் தையல் அலைபோல் நெளியும் என்பது அதன் நுட்பம். தாம் நாள்தோறும் செய்ததை இங்ஙனம் ஒரு தாளில் எழுதும் அன்றே டெய்லர் ஆசிரியராகிறார் எனலாம்.

தவற்றுக்கு இடம்

கம்பெனியில் மணிக்கு இத்தனை பீஸ் என்பது கணக்கு. தவறு அங்கே நட்டம். பயிற்சிக்கூடத்திலோ தவறே பாடம். கோணிய தையலைப் பிரித்து, ஏன் கோணியது என்று மாணவியே கண்டறியப் பொறுத்திருக்கவேண்டும். ‘ஒன்றரை ஷிப்ட்’ அவசரத்தில் வளர்ந்தவருக்கு இப்பொறுமை எளிதில் வாராது. மேற்பார்வையாளரின் அதட்டலும் நாவிலிருந்து உடனே அகலாது.

தொழில் பழகும் இளைஞரின் தந்தையெனப் போற்றப்படும் தொன் போஸ்கோ இதனை நன்கறிந்திருந்தார். துரின் நகரில் 1852இல் ஒரு தச்சருடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. சிறுவனைத் தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலைகளுக்கு ஏவலாகாது; குறை கண்டால் சொல்லால் மட்டுமே திருத்தவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. மறு ஆண்டே தம் இல்லத்தில் தையலுக்கும் காலணிக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். காலப்போக்கில் அவருடைய சபையின் துறவறச் சகோதரர்களே பட்டறை ஆசிரியராயினர்.

வழி உண்டு

ஐ.டி.ஐ. ஆசிரியராவதற்குத் தொழிற்சான்றிதழ் பெற்றோர்க்கு மூன்றாண்டும், டிப்ளமோ பெற்றோர்க்கு இரண்டாண்டும், பட்டதாரிகளுக்கு ஓராண்டும் தொழில் அனுபவம் வேண்டும். அத்துடன் பயிற்றுநர் சான்றிதழும் தேவை. இதற்கான ஓராண்டுப் படிப்பில் தொழில்நுட்பத்தோடு கற்பிக்கும் முறையும் பாடமாகிறது. ஐ.டி.ஐ. வாசலை மிதியாத அனுபவத் தொழிலாளர், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழியுண்டு.

கல்லூரி கண்ட இளைஞருக்குக் கம்பெனி அனுபவம் குறைவு. கம்பெனி கண்டவருக்குச் சான்றிதழ் குறைவு. இவ்விரு குறைகளையும் நீக்க நிலையங்களும் தொழிலதிபர்களும் கைகோத்தல் வேண்டும். பீஸ் ரேட்டில் நன்கு ஈட்டும் தேர்ந்த டெய்லர், சொற்பச் சம்பளத்துக்காக மெஷினை விட்டு எழுந்து வருவாரென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகளையோ மகனையோ பயிற்சி நிலையத்தில் சேர்க்குமுன், மெஷின்கள் எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கற்பிப்பவர் தொழிற்கூடத்தில் எத்தனை ஆண்டு உழைத்தார், கற்பிக்கும் கலையை எங்கே பயின்றார் என்றும் கேளுங்கள். நாற்பது வயதில் கண்ணும் முதுகும் தளர்ந்து மெஷினை விட்டு எழும் தொழிலாளியோடு, அவர் கற்றதனைத்தும் வீட்டுத் திண்ணையில் முடங்கிவிடலாகாது. அது அடுத்த தலைமுறையின் கைகளுக்குச் சேரவேண்டிய சொத்து.